இணைய ஏலத்தில் பழைய போக்கிமான் அட்டைகள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சேகரிக்கவும் விளையாடவும் பயன்படும் போக்கிமான் அட்டைகள் ஜப்பானில் 1996 அக்டோபரில் வெளிவந்தன. ஆங்கிலத்தில் அவற்றை 1999 ஜனவரியில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்திடம் உரிமை இருந்த 2003 வரையிலான ஆங்கில அட்டைகளும், அதே காலத்து ஜப்பானிய அட்டைகளுமே நான் சேகரிப்பவை. சிங்கப்பூரில் இருந்தபடி, ஈபே ஏலங்களிலும் ஜப்பானின் யாஹூ ஏலத்தளத்திலும் பல ஆண்டுகளாக இவற்றை எடுத்து வருகிறேன். கடை விலையோடும், நிலையான விலை குறித்து விற்பவர்களின் விலையோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏலம் இன்றைக்கும் மலிவான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பாதுகாப்பான வழியாகவும் ஆக்கிக்கொள்ள முடியும். ஆனால் மலிவு, பாதுகாப்பு ஆகிய இரண்டும் முதல் தொகையைக் கேட்பதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. கடைசி நொடிப் பரபரப்பில் தீர்மானமாவது மிகக் குறைவு.

முதல் வேலை, அட்டையின் உண்மையான விலையை அறிவது. விற்பவர் கேட்கும் விலை விலையாகாது. ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய விலையே விலை. ஈபேயில் தேடலை 'விற்றவை' என்று வடிகட்டினால் கடந்த 90 நாள்களில் முடிந்த விற்பனைகள் தெரியும். அவற்றில் ஏலமாக முடிந்தவற்றை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது; நிலையான விலைப் பட்டியல்களில் பேரம் பேசி விற்ற அட்டைகளுக்குப் பழைய விலையே அடித்துக் காட்டப்படும் என்பதால், அவை சராசரியை உயர்த்திக் காட்டும். ஓர் அட்டையின் அண்மைய ஏல முடிவுகளை வரிசையாகப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் கீழ்ப்பகுதியை என் உச்சவரம்பாக வைத்துக்கொள்கிறேன். பழைய அட்டைகளில் மிகச் சிலவே உண்மையில் அரியவை. மற்றவை அடுத்த வாரம் மீண்டும் ஏலத்துக்கு வரும். பொறுமையுள்ளவருக்கு இந்தச் சந்தை தொடர்ந்து சாதகமாகவே இருந்து வந்திருக்கிறது.

விலையை ஒப்பிடும்போது ஒரே அட்டையைத்தான் ஒப்பிடுகிறோமா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். 102 அட்டைகள் கொண்ட முதல் ஆங்கிலத் தொகுப்பான பேஸ் செட்டையே எடுத்துக்கொள்வோம். முதற்பதிப்பு முத்திரை கொண்டவை, முத்திரையும் படச்சட்டத்தின் வலப்பக்க நிழலும் இல்லாத ஷேடோலெஸ் அட்டைகள், நிழலோடு பெருமளவில் அச்சிடப்பட்ட அன்லிமிடெட் அட்டைகள் என்று அதில் மூன்று வகைகள் உண்டு. ஒன்றுக்கொன்று விலை வேறுபாடு மிகப் பெரியது. தெரியாமலோ தெரிந்தோ விற்பவர்கள் இவற்றைக் குழப்பித் தலைப்பிடுகிறார்கள். படம் தெளிவாக இருந்தால் நிழலைப் பார்த்தே சொல்லிவிடலாம். தெளிவில்லாதபோது அடியில் உள்ள காப்புரிமை வரியைப் பார்க்கிறேன். முதற்பதிப்பிலும் ஷேடோலெஸ் அட்டையிலும் 1995, 96, 98, 99 என்று ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அன்லிமிடெட் அட்டையில் அந்த வரிசை 98-உடன் நின்றுவிடும். இந்தச் சிறு வேறுபாட்டை அறியாத விற்பனையாளர், ஷேடோலெஸ் அட்டையைச் சாதாரண அட்டை என்றே தலைப்பிட்டு ஏலம் விடுவதும் உண்டு. எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கொள்முதல்களில் சில, இப்படித் தலைப்பு குறைவாகச் சொன்ன, பெயரில் எழுத்துப்பிழை இருந்த, அல்லது பல அட்டைகளை மொத்தமாக அள்ளிப் படமெடுத்துப் போட்ட ஏலங்களில் வந்தவை.

அடுத்தது தொகையைக் கேட்கும் முறை. ஈபேயில் நாம் பதிவு செய்யும் உச்சத்தொகை மற்றவர்களுக்குத் தெரியாது. தேவையான அளவுக்கு மட்டும் தளமே நமக்காக ஏற்றிக்கொண்டு போகும். நான் 60 டாலர் என்று பதிவு செய்து, எனக்கு அடுத்தவர் 41 டாலரோடு நின்றுவிட்டால், அந்த விலைப் படிநிலையில் ஏற்றத்தொகை 1 டாலர் என்பதால் நான் கொடுப்பது 42 டாலர்தான். இரண்டாவது உயர்ந்த தொகையே விலையைத் தீர்மானிக்கும் இத்தகைய ஏலத்தை வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் ஆராய்ந்தார். பொருளுக்கு நாம் உண்மையில் மதிக்கும் தொகையை ஒரே முறை கேட்டுவிட்டு விலகுவதே இதில் சிறந்தது என்பது அவருடைய ஆய்விலிருந்து பிறந்த தெளிவு. நடைமுறையில் பலர் அப்படிச் செய்வதில்லை. 30 டாலர் கேட்டு, யாரோ தாண்டிவிட்டார் என்ற மின்னஞ்சல் வந்ததும் 35, பிறகு 40 என்று ஏறுகிறார்கள். ஆகையால், இவர்கள் இருக்கும் ஏலத்தில் முன்கூட்டியே தொகை கேட்பது விலையை நாமே ஏற்றிவிடுவதாகும்.

ஈபே ஏலம் பொதுவாகக் குறித்த நொடியில் முடிந்துவிடும். யார் கேட்டாலும் நேரம் நீளாது. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, முடிவு நேரம் நீண்டுகொண்டே போன அன்றைய அமேசான் ஏலங்களைவிட ஈபேயில் கடைசி நேரத்தில் கேட்பவர்கள் மிகுதி என்று காட்டியது. நானும் கடைசிச் சில நொடிகளில்தான், முன்பே எழுதிவைத்த உச்சத்தொகையை ஒரே முறை கேட்கிறேன். படிப்படியாக ஏற்றுபவர்களுக்கு மறுபடி யோசிக்க அப்போது நேரம் இருப்பதில்லை. அந்தத் தொகைக்குக் கிடைக்காவிட்டால் அந்த அட்டை எனக்கானதன்று என்று விட்டுவிடுகிறேன்.

ஜப்பானிய யாஹூ ஏலத்தில் இந்த உத்தி பயன்படாது. அங்கே பெரும்பாலான விற்பனையாளர்கள் தானியங்கி நீட்டிப்பை வைத்திருப்பார்கள். முடிவுக்கு முந்தைய 5 நிமிடங்களுக்குள் விலை ஏறினால் இன்னும் 5 நிமிடம் கூடும், மறுபடி ஏறினால் மறுபடி கூடும். வெளிநாட்டினர் நேரடியாகக் கேட்பதும் எளிதன்று என்பதால், பையீ, ஜென்மார்க்கெட் போன்ற முகவர் சேவைகள் வழியாகவே வாங்குகிறோம். முகவர் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, பன்னாட்டு அஞ்சல் என்று ஒவ்வோர் அட்டைக்கும் மூன்று கூடுதல் செலவுகள் சேரும். ஒற்றை மலிவு அட்டைக்கு இது கட்டுப்படியாகாது. பல அட்டைகளை முகவரின் கிடங்கில் சேர்த்துவைத்து ஒரே பொதியாக வரவழைத்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. யென்னின் மதிப்பு சரிந்து, 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டிய காலத்தில் என் கொள்முதலில் பெரும்பகுதியை ஜப்பான் பக்கமே திருப்பினேன்.

ஜப்பானிய அட்டைகளை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். தலைப்பில் 'கியூஉரா' என்று குறிக்கப்படும் பழைய பின்புற வடிவமைப்புக் கொண்ட அட்டைகளில், மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த, சாரிசார்ட் என்ற போக்கிமானின் அதே ஓவியம், பெரும்பாலும் ஆங்கில அட்டையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அங்கே அட்டைகளைப் பேணிய விதமும் பொதுவாக மேலானது. முதல் அச்சில் அரிதன்மைக் குறியீடு இல்லாத அட்டைகள் மட்டும் விதிவிலக்கு; அவற்றின் விலை தனி உயரம். விற்பவர் அட்டையின் நிலையை எழுதும் சொற்களைப் பழகிக்கொள்வது அவசியம். 'பிஹின்' என்றால் நல்ல நிலை. 'ஷிரோகாகே' என்றால் ஓரங்களில் வெள்ளை தெரிகிறது. 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்' என்று எழுதியிருந்தால், வந்தபின் முறையிட முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஏலத்தில் பின்புறப் படமும் இருந்தால் மட்டுமே கேட்கிறேன்.

படங்களைப் பற்றி ஈபேக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'நியர் மின்ட்', அதாவது ஏறக்குறைய புதியது, என்ற சொல் ஏறக்குறைய பொருளிழந்துவிட்டது. அதை நம்பாமல் படத்தையே நம்ப வேண்டும். படம் மினுமினுக்கும் ஒளிர் அட்டையின் மேற்பரப்புக் கீறல்கள் நேர் படத்தில் தெரியாது. சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குகிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே எடுத்த படத்தில் மடிப்புக் கோடுகூட மறைந்துவிடும். பணிவாகக் கேட்டும் படம் அனுப்ப மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்குவதில்லை. ஒருமுறை, நன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்ட அட்டையின் பின்புறப் படத்தைக் கேட்டபோது விற்பவர் பதிலே சொல்லாமல் ஏலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

போலிகள் நிறைய உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கவனித்துப் பார்த்தால் பிடிபடுபவை: பின்புற நீலம் ஊதாவாகத் தெரியும், எழுத்துரு தடித்திருக்கும், ஆற்றல் குறிகள் பெரிதாக இருக்கும், பழைய ஒளிர் அட்டையில் படத்துக்குள் மட்டும் இருக்க வேண்டிய மினுமினுப்பு அட்டை முழுவதும் பரவியிருக்கும். கைக்கு வந்தபின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். உண்மை அட்டையில் கறுப்பு எழுத்துகள் அடர்த்தியாக, விளிம்பு தெளிவாக இருக்கும், படப்பகுதி மட்டும் புள்ளிக் கோலமாகத் தெரியும். விலை உயர்ந்த அட்டைகளுக்கு, தரமதிப்பீடு செய்து கெட்டிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டவற்றை வாங்குவதே எனக்கு நிம்மதி. அட்டைகளைத் தரமதிப்பீடு செய்ய 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் 1 முதல் 10 வரை தரம் கொடுக்கிறது. பெட்டியில் உள்ள சான்றெண்ணை அவர்கள் தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான எண்ணைப் படியெடுத்துப் போலிப் பெட்டி செய்பவர்கள் உண்டு என்பதால், தளத்தில் அந்த அட்டையின் படம் இருந்தால் படம் அட்டையின் நடுவில் அமைந்திருக்கும் விதம், கறைகள், ஓரக் குறைகள் ஆகியவற்றை அதனோடு ஒப்பிடுகிறேன். 2025 தொடக்கத்தில், தொடக்ககால மாதிரி அட்டைகள் என்று சி.ஜி.சி. என்ற மற்றொரு தரமதிப்பீட்டு நிறுவனம் சான்றளித்தவற்றுள் சில 2024இல் அச்சிடப்பட்டவை என்பதை, அச்சுப்பொறி தானாகப் பதிக்கும் நுண்ணிய மஞ்சள் புள்ளிகளைக் கொண்டு சேகரிப்பாளர்கள் கண்டறிந்தார்கள். மதிப்பீட்டாளரின் முத்திரை நம் கண்களுக்கு மாற்றாகாது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

மலிவு என்ற நோக்கில் சொன்னால், தரம் 10 பெற்ற அட்டைகளை நான் நாடுவதே இல்லை. 9க்கும் 10க்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சிறிது, விலை வேறுபாடு பெரிது. 5, 6, 7 தரங்களில் உள்ள பழைய ஒளிர் அட்டைகள்தான் கொடுத்த பணத்துக்கு உரிய மகிழ்ச்சியைத் தருகின்றன.

பிரிக்கப்படாத பழைய அட்டைப் பொட்டலங்களை ஏலத்தில் எடுக்கவே வேண்டாம். அந்தக் காலத்துப் பொட்டலங்களில் ஒளிர் அட்டை இருந்தால் எடை சற்றுக் கூடும். தனிப் பொட்டலமாக ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் எடைபோட்டுப் பார்த்து, ஒளிர் அட்டை இல்லை என்று ஒதுக்கியதாகவோ, பிரித்து மீண்டும் ஒட்டியதாகவோ இருக்கும். முதற்பதிப்புப் பெட்டிகள் என்று நம்பி யூடியூப் பிரபலம் லோகன் பால் 35 இலட்சம் டாலருக்கு வாங்கிய, வல்லுநர் சான்று பெற்றிருந்த பெரும்பெட்டியில் போக்கிமானோடு தொடர்பே இல்லாத ஜி.ஐ. ஜோ அட்டைகள் இருந்தது 2022 ஜனவரியில் உலகறிந்த செய்தி.

விற்பவரைப் பார்க்கும்போது மொத்த மதிப்பெண்ணைவிட, அண்மையில் அவர் அட்டைகளை விற்றுப் பெற்ற பின்னூட்டங்களையே படிக்கிறேன். சட்டை, கைப்பேசி உறை விற்றுப் பெற்ற நற்பெயர் இங்கே உதவாது. தன் ஆளை வைத்து விலையை ஏற்றிவிடும் பழக்கம் இணைய ஏலத்திலும் உண்டு. ஈபேயில் ஏலம் கேட்டவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும், ஒருவர் கேட்ட ஏலங்களில் எத்தனை விழுக்காடு இதே விற்பனையாளருக்கு உரியவை என்பது தெரியும். பின்னூட்டம் குறைவாக உள்ள ஒருவர் ஒரே விற்பனையாளரின் ஏலங்களிலேயே திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருபோதும் எடுக்காமல் இருந்தால் அங்கிருந்து விலகுகிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலையைக் குறைப்பதாகச் சொல்பவருக்கு என் பதில் எப்போதும் மறுப்புதான். பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் முறையில் கொடுத்த பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

உச்சத்தொகையைக் கணக்கிடும்போது அஞ்சல் செலவையும் வரியையும் கழித்த பிறகே எண்ணை எழுத வேண்டும். சிங்கப்பூரில் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 முதல் பெரிய தளங்கள் அதை விற்பனையின்போதே வசூலிக்கின்றன. பின்தொடரும் எண் இல்லாத உறையில் வரும் அட்டைக்கு நான் கேட்கும் தொகை வெகுவாகக் குறையும். மென்மையான உறை, அதன்மேல் கெட்டி உறை, இருபுறமும் அட்டைப்பலகை என்று அனுப்பும்படி பணம் செலுத்தியவுடன் ஒரு வரி எழுதிவிடுவேன். பெரும்பாலான விற்பனையாளர்கள் மகிழ்ச்சியோடு இணங்குகிறார்கள்.

பொதி வந்ததும், முகவரித்தாள் தெரியும்படி தொடங்கி அட்டையின் இரு பக்கங்களும் தெரியும் வரை நிறுத்தாமல் காணொளி எடுத்தே பிரிக்கிறேன். ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதத்தில் முறையிட, பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்கள் உண்டு. ஒரு விற்பனையாளர் படத்தில் காட்டியதற்குப் பதிலாக மூலை மடிந்த வேறோர் அட்டையை அனுப்பியபோது, அந்தக் காணொளியும் ஏலப் படமும் அருகருகே இருந்ததால் முழுத்தொகையும் திரும்பியது. இடைநிலை முகவரிக்கு அனுப்பி அங்கிருந்து மறுபடி அனுப்பச் செய்தால் இந்த உத்தரவாதம் பொருந்தாது என்பதால், அமெரிக்காவிலிருந்து வாங்கும்போது, செலவு சற்றுக் கூடினாலும், நேராக என் முகவரிக்கு அனுப்புபவர்களிடம் மட்டுமே விலை உயர்ந்த அட்டைகளை எடுக்கிறேன். ஜப்பானிய ஏலத்தில் இந்த வசதியே இல்லை. அங்கே முகவரின் கிடங்குக்கு அட்டை வந்தவுடன், சிறு கட்டணம் கொடுத்துப் படமெடுக்கச் சொல்லி, ஏலப் படத்தோடு அன்றே ஒப்பிட்டுவிடுகிறேன், ஏனெனில் பொதி சிங்கப்பூருக்குப் புறப்பட்டபின் விற்றவரிடம் கேட்பதற்கு நடைமுறையில் வழியில்லை.