மாடல் சொன்ன இடத்தில் ஓட்டை: ஆறு வருட அனுபவம்

கோலாலம்பூரில் அடுக்குமாடி கட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை. 3டி மாடலிலிருந்தே கம்பி வளைப்பது, சுவர்ப் பலகை வார்ப்பது, லோரியில் ஏற்றும் வரிசை போடுவது என்று ஆலைக்காரர்கள் பல காலமாகச் செய்துவரும் கணினி ஒருங்கிணைப்பை நாங்களும் பிடித்து ஆறு வருடம் ஆகிறது.

பிரீகாஸ்ட், அதாவது சுவரையும் தளத்தையும் ஆலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது, ஒன்றும் நமக்குப் புதிதில்லை. நான் வளர்ந்த பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியே 1960களில் அப்படிக் கட்டியதுதான். அப்புறம் 2008இல் அரசாங்கக் கட்டடங்களுக்கு ஐ.பி.எஸ். புள்ளி (ஆலையில் செய்த பாகங்களை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதற்கான மதிப்பெண்) 70 இருக்க வேண்டும் என்றார்கள், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இப்போது வித்தியாசம், தரவு நேராக எந்திரத்துக்கே போகிறது.

தொழிற்சாலைக்குள் அருமை. கம்பியின் அளவும் வளைவும் அடங்கிய பி.வி.பி.எஸ். கோப்பைக் கொடுத்தால் கம்பி எந்திரம் தானே வளைத்துத் தள்ளும், வளைவுப் பட்டியலைக் கையால் திரும்பத் தட்டும்போது 16 எம்எம் கம்பியைத் தவறுதலாக 10 ஆக்கும் கதையே போய்விட்டது. அதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

வம்பு சைட்டில். இரண்டாவது வருடம் ஏர்கோன் குழாய் ஓட்டையை ஆர்க்கிடெக்ட் ஒன்றரை அடி தள்ளச் சொன்னார், போனில். மாடலில் யாரும் மாற்றவில்லை, எந்திரம் மாடல் சொன்னதையே செய்தது, 14 பலகை வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. செங்கல் சுவராக இருந்தால் கொத்தனார் உளியை எடுத்து அன்றைக்கே முடித்திருப்பார். இங்கே கோரிங் (எந்திரத்தால் காங்கிரீட்டைத் துளைப்பது) போட்டோம், ஒன்றில் கம்பியே அறுந்துபோய், என்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை கிரேன் சும்மா நின்றது, வாடகை மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்று, தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. பலகையின் அடியில் இருக்கும் ஸ்லீவுக்குள் (குழாய் போன்ற உறைக்குள்) அது சரியாக நுழைந்தால்தான் கிரவுட், அதாவது இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை, ஊற்ற முடியும். தொழிற்சாலை மில்லிமீட்டரில் பேசும், சைட் விரற்கடையில் பேசும். இப்போது காங்கிரீட் ஊற்றும்போதே துளை போட்ட இரும்புத் தகட்டை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். அற்ப விஷயம்தான், ஆனால் மென்பொருளுக்குக் கொட்டிய பணத்தைவிட இந்தத் தகடுதான் எனக்கு நிம்மதி தந்தது.

சரி, இந்த மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். மென்பொருள் விலையைப் பேசுவதற்கு முன்னால், வார்ப்புக்கு எத்தனை வாரம் முன் வரைபடத்தைப் பூட்டுவது (அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது) என்று வீட்டுக்காரர், ஆர்க்கிடெக்ட், பிளம்பர் எல்லாரையும் உட்காரவைத்து எழுதி வாங்குங்கள். நாங்கள் ஆறு வாரம் என்று வைத்திருக்கிறோம்.

போன வாரம்கூட வாட்ஸ்அப்பில் படம் வந்தது, சுவரில் பென்சில் வட்டம், "இங்கே ஒரு ஓட்டை, சின்னதுதான்" என்று. மாடலில் போடுங்கண்ணே என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, இன்னும் போடவில்லை.