எந்த வீடு எந்த பேஸில்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ்களில் (மின்முனைகளில்) வருகிறது; ஒருமுனை இணைப்புள்ள வீடு இவற்றில் ஒன்றில் மாட்டியிருக்கும். 100 கேவிஏ, 433 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் முழுச்சுமை பேஸுக்கு 133 ஆம்பியர். ஆர் 140, ஒய் 60, பி 70 என்று ஓடினால் மொத்தச் சுமை மூன்றில் இரண்டு பங்குதான். ஆனாலும் ஆர் அளவு மீறிவிட்டது; மூன்றுக்கும் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரலில் 75 ஆம்பியர் வீணாக ஓடுகிறது. ஆரில் உள்ள சில வீடுகளை மாற்றிக் கட்டினால் போதும். எந்த வீடுகள் ஆரில் உள்ளன என்பதுதான் கேள்வி. வீடுகளின் பேஸைக் குறித்துவைத்த பதிவேட்டை நம்ப வேண்டாம். ஒரு பேஸில் சப்ளை போன இரவில் சர்வீஸ் ஒயரை அடுத்த பேஸில் மாட்டியது அதில் ஏறியிருக்காது.

கோணம் பார்க்கும் கருவி: ஒன்று டிரான்ஸ்பார்மரடியில், மற்றொன்று வீட்டு மீட்டரடியில். இரண்டும் ஜிபிஎஸ் நேரத்தை வைத்து மின்னழுத்த அலையின் கோணத்தை ஒப்பிடும். 50 ஹெர்ட்ஸில் இரு பேஸ்களுக்கு இடைவெளி 6.67 மில்லிசெகண்ட், நேரம் 1 மில்லிசெகண்ட் பிசகினாலே 18 டிகிரி போய்விடும். இரண்டு பேஸுக்கும் நட்டநடுவே கோணம் காட்டினால், கருவியின் புரோபை (அளவிடும் முனையை)த் தலைமாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். துல்லியத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

மின்னழுத்த ஒப்புமை: ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் எங்கள் முதல் தேர்வு இதுதான். 15 அல்லது 30 நிமிடப் பதிவுகளைச் சில வாரங்களுக்கு எடுத்து, டிரான்ஸ்பார்மர் மீட்டரின் ஆர், ஒய், பி மின்னழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். வோல்ட்டை அப்படியே ஒப்பிடுவதுதான் வழக்கமான தவறு. டிரான்ஸ்பார்மருக்குள் வரும் 11 கேவி பக்கத்தின் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மூன்று பேஸும் சேர்ந்தே ஆடும். எல்லா வீடும் எல்லா பேஸோடும் பொருந்துவதுபோலத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பதிவிலிருந்தும் முந்தையதைக் கழித்து, அதிலிருந்து மூன்று பேஸின் சராசரி மாற்றத்தையும் கழியுங்கள். மாலை 6:30-க்கு 231, 7:00-க்கு 226 என்று ஒரு வீடு இறங்கும்போது, அதே பேஸில் உள்ள வீடுகளும் இறங்கும். நியூட்ரலின் மின்னழுத்தம் நகர்வதால் மற்ற பேஸ் வீடுகளில் சற்று ஏறக்கூடும். அந்த எதிர்த்திசை ஆட்டம்தான் நல்ல சாட்சி.

இது சறுக்கும் இடங்களும் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகே உள்ள வீடுகளில் இறக்கம் குறைவு; வோல்ட்டை முழு எண்ணாகப் பதியும் மீட்டரில் அது மறைந்தே போகும். மீட்டர் கடிகாரம் ஓர் இடைவெளி தள்ளியிருந்தால் ஒப்புமை குலையும். மும்முனை மீட்டரில் உள்ள ஆர், ஒய், பி பெயர்களை அப்படியே எடுக்காதீர்கள். வரிசை மாறி இணைத்திருக்கலாம்.

யூனிட் கூட்டல்: டிரான்ஸ்பார்மர் மீட்டர் காட்டும் பேஸ்வாரி யூனிட்டோடு வீடுகளின் கூட்டுத்தொகை பொருந்தும்படி வீடுகளைப் பிரிப்பது. கிட்டத்தட்ட எல்லா வீட்டு மீட்டர் பதிவும் தேவை. மீட்டரில்லாத தெருவிளக்கு, மின்திருட்டு இருந்தால் கணக்கு தவறான பேஸில் போய் உட்காரும். தனியாக இதை நம்ப மாட்டோம்.

எனவே முதலில் ஒப்புமை. அதில் பொருத்தத்தில் முதலிடம், இரண்டாமிடம் பிடித்த பேஸ்களுக்கிடையே வித்தியாசம் குறைவான வீடுகளுக்கு மட்டும் கருவியோடு போங்கள். மூன்று பேஸிலும் ஒட்டாத வீடு என்றால், அது பக்கத்து டிரான்ஸ்பார்மருடையதா என்று முதலில் பாருங்கள்.