வாக்னரைக் கேட்பதா, ஒதுக்குவதா?

ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் இசை உருக்குகிறது, யூதர்களை இழித்து அவர் 1850-இல் எழுதிய கட்டுரை உறுத்துகிறது.

பணம்:
கேட்டால் – அவருக்கு ஒரு காசு போகாது, 1883-லேயே இறந்துவிட்டார்.
ஒதுக்கினால் – அவருக்கு நட்டமும் இல்லை. (உயிரோடிருக்கும் பாடகர் என்றால் கணக்கே வேறு.)

யாருக்கு வலி:
ஒதுக்கினால் – யாருக்கும் இல்லை. 1938 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் யூதர்கள் மீது நடத்திய வன்முறைக்குப் பின், பாலஸ்தீன இசைக்குழு (யூதக் கலைஞர்களின் குழு, இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்) அவர் இசையை அப்படித்தான் நிறுத்தியது.
கேட்டால் – இடத்தைப் பொறுத்தது. 2001-இல் ஜெருசலேமில், நிகழ்ச்சி முடிந்தபின் இசைக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் அவையினரிடம் கேட்டுவிட்டு, விரும்பாதவர்கள் கிளம்பலாம் என்று சொல்லித்தான் வாக்னரின் இசையை நடத்தினார். சிலர் கதவை அறைந்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சரி, ஹெட்போனில் தனியாகவா? தாராளமாகக் கேளுங்கள். பொது மேடையா? நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்கள் அவையில் இருக்கக்கூடும் என்றால், என் ஓட்டு ஒதுக்குவதற்கே.