யுபிஐயா, நெஃப்டா?

வீட்டு அட்வான்ஸ் 3 லட்சம், யுபிஐயா, வங்கிக் கணக்கு எண் போட்டு அனுப்பும் நெஃப்டா, எதில் அனுப்பட்டும் என்று தம்பி கேட்டான்.

வேகம்: யுபிஐயில் நொடியில் போய்விடும். நெஃப்டில் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும், ஆனால் 2019 டிசம்பரிலிருந்து ராத்திரி, ஞாயிறு என்று எந்நேரமும் அனுப்பலாம்.

செலவு: சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் இரண்டுமே இலவசம்.

வரம்பு: யுபிஐயில் ஒருவருக்கொருவர் அனுப்ப பொதுவாக நாளுக்கு 1 லட்சம்தான். நெஃப்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை, உங்கள் வங்கி வைத்திருக்கலாம்.

சிரமம்: யுபிஐக்கு மொபைல் எண் போதும், திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு ரகசிய பின் (PIN) நம்பர் போடுங்கள். நெஃப்டில் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் பணம் வேறு யாருக்கோ போகக்கூடும், திரும்ப வாங்குவது பெரிய அலைச்சல்.

சரி, டீக்கடை, ஆட்டோ, மளிகைக்கு யுபிஐ. தம்பியின் அட்வான்ஸுக்கு நெஃப்ட்தான். முதலில் 1 ரூபாய் அனுப்பி, வீட்டுக்காரர் வந்துவிட்டது என்று சொன்ன பிறகு மீதியை அனுப்பச் சொன்னேன்.