பள்ளியையே மாற்றும் திட்டங்கள்: எதை நம்பலாம்?

ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளை முழுதாகச் சீர்திருத்துகிறோம் என்று அமெரிக்காவில் திட்டங்கள் வரிசைகட்டி நின்ற காலம் ஒன்று உண்டு. 1998 முதல் மத்திய அரசே இவற்றுக்குப் பணம் கொடுத்தது: ஒரு பள்ளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 டாலர், மூன்று ஆண்டுகள் வரை. 2003இல் கல்வி ஆய்வாளர் ஜெஃப்ரி போர்மன் குழு 29 திட்டங்களை அலசி, மூன்றுக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது என்றது.

முதலாவது, 1987இல் பால்டிமோரில் தொடங்கிய சக்சஸ் ஃபார் ஆல். தினமும் 90 நிமிடம் வாசிப்பு. அந்த நேரத்தில் வகுப்புகள் கலைந்துவிடும். வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய் உட்காரும். ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்துக் குழுவை மாற்றுவார்கள். ஆசிரியர்களில் 80 சதவீதம் பேர் ரகசிய வாக்கில் சம்மதித்தால்தான் திட்டம் பள்ளிக்குள் வந்தது. நல்ல விதிதான். ஆனால் மதிப்பீட்டுக்கு அதுவே தலைவலி: மனமொத்த பள்ளியை மற்ற பள்ளியோடு ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல ஆய்வா வேண்டும்? அப்புறம் விருப்பம் தெரிவித்த பள்ளிகளுக்குள்ளேயே சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். அப்போதும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் முன்னேற்றம் தெரிந்தது. நான் நம்புவது இந்த ஆய்வைத்தான்.

இரண்டாவதான டைரக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷனில் ஆசிரியர் பேசவேண்டிய வாக்கியமே அச்சில் இருக்கும். சைகை காட்டியதும் பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அனுபவமுள்ள ஆசிரியருக்கு இது கசக்கலாம், புதியவருக்குக் கைத்தடி.

மூன்றாவதான, மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமரின் திட்டம் வேறு ரகம். 1968இல் நியூ ஹேவனில் இரண்டு பள்ளிகளில் தொடங்கியது. பாடத்திட்டம் எதையும் திணிக்காது. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். யார்மேலும் பழிபோடக் கூடாது. இதை ஆய்வாளர் தாமஸ் குக் குழு இரண்டு இடங்களில் சோதித்தது. சிகாகோவில் மதிப்பெண் ஓரளவு கூடியது. மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் கூடவில்லை. அங்கே திட்டம் அரைகுறையாகத்தான் நடந்தது. மருந்து வேலை செய்யவில்லையா, நோயாளி விழுங்கவே இல்லையா? மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

சின்ன வகுப்பில் வாசிப்புதான் சிக்கல் என்றால் நான் சக்சஸ் ஃபார் ஆல் பக்கம். ஆசிரியர்களும் பெற்றோரும் முகம் கொடுத்தே பேசாத பள்ளியா, சரி, கோமரிடமிருந்து தொடங்கலாம். எதுவானாலும், ஆய்வைச் செய்தது யார் என்று முதலில் பாருங்கள்: திட்டத்தை உருவாக்கியவர்களே அளந்தபோது பலன் பெரிதாகவும், வெளியாட்கள் அளந்தபோது சிறிதாகவும் தெரிந்ததை போர்மன் குழுவே காட்டியது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய பள்ளிகளில்தான் பலன் கூடுதல் என்றும் சொன்னது. (ஒத்துவராத பள்ளிகள் அதற்குள் விலகியிருக்கலாம் என்பது என் சந்தேகம்.) அரசுப் பணமோ மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டது.