எதை முதலில் கொடுப்பது: பொன்னியின் செல்வனா, சிவகாமியின் சபதமா, கடல்புறாவா?

எங்கள் வீட்டில் ஒரு இரவல் நோட்டு இருக்கிறது. பாவு நூல் கணக்கு எழுதுகிற நீள நோட்டின் பின்பக்கம்தான் அது. எந்தப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார்கள், எப்போது திரும்பியது என்று எழுதி வைப்பேன். இருபது வருஷத்து நோட்டைப் புரட்டினால் மூன்று பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன. கல்கியின் பொன்னியின் செல்வன், அவருடைய சிவகாமியின் சபதம், சாண்டில்யனின் கடல்புறா.

எடுத்துப் போகிறவர்கள் எல்லாம் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் நகரியைச் சுற்றி இருக்கிறவர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். பாதிப் பேர் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே அபிப்பிராயம் சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனாலோ என்னவோ, எங்கள் ஊரில் யாரும் ஒரு புத்தகத்தைப் பற்றி மென்மையாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் பொன்னியின் செல்வன். என்னிடம் இருப்பது தாத்தா கல்கி இதழிலிருந்து தாள் தாளாகக் கிழித்துப் பைண்டு பண்ணியது. மணியம் வரைந்த படங்களோடு, நடுநடுவே அந்தக் காலத்து விளம்பரங்களோடு இருக்கும். இதழ் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கும், தாத்தா போய் வாங்கி வருவாராம். தொடர் 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே மாதம் முடிந்தது. நடுவில் 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்து, சித்தூர் மாவட்டமும் அதோடு போனது. அதாவது முதல் அத்தியாயத்தைத் தாத்தா சென்னை ராஜ்யத்தில் உட்கார்ந்து படித்தார், கடைசி அத்தியாயத்தை ஆந்திராவில் படித்தார். வீடு அதே வீடு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம்.

இந்த ஐந்து பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தாலே வாசகர் அபிப்பிராயம் தெரிந்துவிடும். முதல் பாகத்துக்கு இரண்டு முறை மறுபடி பைண்டு போட்டாயிற்று. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, ஒரு இடத்தில் டீ வட்டம். மூன்றாம் பாகம் வரை அப்படித்தான். ஐந்தாம் பாகத்தின் பின்பாதி மட்டும் பெண் வீட்டார் வருகிற நாளில் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிற பையன் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை நடந்து முடிந்ததும் பலருக்குக் கதையும் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் யார் பட்டத்துக்கு வந்தால் என்ன என்கிற அலுப்பு.

ஆரம்பத்தைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். அவன் பத்துப் பக்கத்துக்கு ஒரு பொய் சொல்கிறான், இருபது பக்கத்துக்கு ஒரு முறை மாட்டிக்கொள்கிறான். அவன் எங்கள் பக்கத்துப் பையன் என்கிற உரிமை வேறு இங்கே உண்டு. வாணர் குலத்தவன் என்றுதான் கல்கி அவனைச் சொல்கிறார். வாணர்களின் பழைய ஊரான திருவல்லம் பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு ஆந்திராவிலிருந்து இறங்கி வருவது. ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பிய மேல்பாடியும் அந்தப் பக்கம்தான். அரக்கோணம் பக்கத்தில் தக்கோலம், சோழ இளவரசன் ராஜாதித்தன் 949இல் யானைமேல் செத்த இடம். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்களைப் படிக்கும்போது தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் தெரியும். எங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் சண்டை நடந்த களமே தெரியும்.

குறைகளுக்கு வருவோம். நிலவறை, சுரங்கப்பாதை, திடீரென்று வந்து சேருகிற ஆள். "இந்தச் சோழ நாட்டில் நேராக வாசல் வழியாக யாருமே போகமாட்டார்களா" என்று நூல் வியாபாரம் செய்கிற ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வாராவாரம் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்த வேண்டிய தொடர்கதைக்குச் சுரங்கம் தேவைப்படும். அதே முடிச்சுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனை அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்துப் போகிறது.

பெரிய புகார் முடிவைப் பற்றியது. கரிகாலனைக் கொன்றது யார் என்று அழுத்திச் சொல்லவில்லை, பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி என்ன ஆனாள், அவள் யார் பெற்ற பெண். இது புதிய புகார் இல்லை. தொடர் முடிந்த கையோடு வாசகர்கள் எழுதிக் கேட்டு, கல்கி ஒரு முடிவுரையே எழுதிச் சமாதானம் சொன்னார். தாத்தாவின் பைண்டில் அந்த முடிவுரைப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அவருக்கும் சமாதானம் ஆகவில்லை போல.

என் கணக்கில் புகாரின் ஒரு பாதி சரி, ஒரு பாதி தப்பு. கொலை விஷயத்தில் கல்கியைக் குறை சொல்ல முடியாது. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்கிறது, அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. பின்னால் நின்றது யார் என்று சொல்வதில்லை. கல்வெட்டே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது நாவலாசிரியர் கொஞ்சம் இருட்டை விட்டுவைக்கலாம். நந்தினி அப்படி இல்லையே. அவள் முழுக்க அவர் கற்பனை. அவள் பிறப்பைப் பற்றி ஆளுக்கொன்று பேச வைத்துவிட்டு, கடைசியில் நம்மிடமே விடுவது பாவில் இழை அறுந்ததைக் கட்டாமல் நெய்துகொண்டே போவது மாதிரி. தூரத்தில் பார்த்தால் தெரியாது. விரித்துப் பார்த்தால் தெரியும்.

படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தபோது நோட்டில் முதல் பாகத்துக்கு ஏக கிராக்கி. ஊரில் தெலுங்கில் பார்த்தவர்கள் பாதி, திருத்தணிக்குப் போய்த் தமிழில் பார்த்தவர்கள் பாதி. அப்புறம் வழக்கம் போல அடங்கிவிட்டது.

சிவகாமியின் சபதம் அடங்குவதும் இல்லை, கிராக்கி ஏறுவதும் இல்லை. வருஷத்துக்கு நாலைந்து பேர். ஆனால் நோட்டைப் பார்த்தால் ஒன்று தெரியும்: இரண்டாவது முறை எடுத்துப் போகிறவர்கள் இந்தப் புத்தகத்துக்குத்தான் அதிகம். பெரும்பாலும் பெண்கள், நாற்பது தாண்டியவர்கள்.

முதல் முறை படிப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பரஞ்சோதி காஞ்சிக்கு வந்து சேரும் வரை பரவாயில்லை, சிவகாமியின் அப்பா, சிற்பி ஆயனர் வீட்டுக்குள் போனதும் சிற்பம், நடனம், வர்ண ரகசியம் என்று கதை உட்கார்ந்துவிடுகிறது. வந்தியத்தேவனைப் படித்துவிட்டு வந்தவனுக்கு இது எருமை நடை. காஞ்சி முற்றுகை வரும் பாகத்தில்தான் வண்டி ஓடும். பல்லவ ராஜா மகேந்திரவர்மனின் தந்திரங்களை ரசிக்காதவர் இல்லை. புத்த பிட்சு நாகநந்தியைப் பற்றியும் இரண்டு கருத்து கிடையாது. நந்தினியைவிட நாகநந்தி பெரிய படைப்பு என்பேன். நந்தினி பழி வாங்குகிறாள், அது புரிகிறது. இந்த ஆள் கலையின் மேல் வைத்த ஆசை எந்த இடத்தில் விஷமாகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

சண்டை சிவகாமியைப் பற்றித்தான். சாளுக்கிய ராஜா புலிகேசியின் தலைநகரான வாதாபியில் சிறையிருக்கிறவளை அழைத்துப் போக மகேந்திரவர்மனின் மகன் மாமல்லன் மாறுவேஷத்தில் வருகிறான். வரமாட்டேன், இந்த நகரத்தை எரித்துவிட்டு என்னைக் கூட்டிப் போ என்கிறாள். வருஷங்கள் ஓடுகின்றன. அதற்குள் அவன் பாண்டியன் மகளைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைக்குத் தகப்பனாகிவிடுகிறான். இவள் திரும்பி வந்து அதைப் பார்க்கிறாள்.

என் சின்ன அத்தை இந்த இடத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். சும்மா சொல்லவில்லை, நாலாம் பாகத்தின் அட்டை முனை மடங்கியிருப்பது அதனால்தான். "அவனுக்கு யுத்தம் பண்ண ஒன்பது வருஷம் வேணும், கல்யாணம் பண்ண அவசரமா?" என்றார். எங்கள் வீட்டு ஆண்கள் கட்சி வேறு. கூப்பிட்டபோதே வந்திருக்கலாம், வீம்பு, ஒரு பெண்ணின் பிடிவாதத்துக்கு ஒரு ஊர் எரிந்தது என்பார்கள். எனக்கு இரண்டுமே முழுசாகப் படவில்லை. இருபது வயதில் படித்தபோது அத்தை கட்சியில் இருந்தேன். இப்போது படித்தால் மாமல்லன்மேல் கோபம் வருவதற்கு முன்னால் சிவகாமியின் மேல் ஒரு பயம் வருகிறது. அவள் சபதம் அவளுக்கே பெரிதாகிவிட்டது, அதைக் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. வாதாபி எரிகிறது, அவளுக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதி. முதல் முறை அது திடீர் பக்தி போல இருந்தது. இப்போது, அவளுக்குப் போக வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை என்று படுகிறது. பொன்னியின் செல்வனில் இப்படி எனக்குள் இடம் மாறிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

கடல்புறாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகமானது. அம்மா சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எங்களுக்கு எட்டாத மேல் தட்டில் இருந்தது, அதனாலேயே எட்டிப் பிடித்தோம். கருணாகர தொண்டைமான் கலிங்கத்தில் ஆரம்பித்துக் கடாரம் வரை போகிறான், காஞ்சனாதேவி, மஞ்சளழகி என்று இரண்டு நாயகிகள். அவன் கலிங்கத்துப்பரணியில் வருகிற நிஜ ஆள் என்பது பலருக்குப் பெரிய சமாதானம். கடல் சண்டை வருகிற அத்தியாயங்களைத் தறிக்கார அண்ணன்மார் இன்றைக்கும் ஒப்பிப்பார்கள். காற்று எந்தப் பக்கம், பாய் எப்படித் திரும்பியது, எந்த மரக்கலம் எங்கே மாட்டியது என்று கையாலேயே காட்டுவார்கள். பெண்கள் ஒரு பாகத்தோடு திருப்பித் தருகிறார்கள். நாயகி வந்தால் நாலு பக்கம் வர்ணனை, அவள் வாய் திறப்பதற்குள் கப்பலே கிளம்பிவிடும் என்பது அவர்கள் புகார். புகார் நியாயம். தொண்டைமான் தோற்கவே மாட்டான் என்பது என் புகார். வந்தியத்தேவன் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்துதான் அவனோடு ஓடுகிறோம், இவன் மாட்டினாலும் அது அவன் போட்ட திட்டமாகவே இருக்கும்.

இவ்வளவு வரைக்கும் எந்தத் தமிழ் ஊரிலும் இதேதான் சொல்வார்கள். எங்கள் தெருவில் இதற்கு மேல் ஒன்று நடந்தது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தெலுங்கு மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. நாங்கள் கத்திக் கத்திப் பேசியதில் மூன்று கதையும் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் அவர் கேட்டார், "ஏம்மா, நீங்க எரிச்சீங்களே அந்தப் புலிகேசி, அவன் தம்பி வேங்கியில உட்கார்ந்தானே, அந்த வம்சம்தானே அப்புறம் உங்க சோழ சிம்மாசனத்துல வந்து உட்கார்ந்தது?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். புலிகேசியின் தம்பி விஷ்ணுவர்த்தனன் வேங்கியில் தொடங்கியது கீழைச் சாளுக்கிய வம்சம். வாதாபி விழுந்தது 642இல். நானூறு வருஷம் கழித்து அதே வம்சத்தில் ராஜராஜ நரேந்திரன். நன்னய்யா தெலுங்கில் பாரதம் பாடியது அவன் சபையில், அதனால் மாஸ்டருக்கு அவன் வீட்டுப் பிள்ளை மாதிரி. அவனுக்கு ராஜேந்திர சோழன் மகளைக் கொடுத்தார்கள். அவர்கள் மகன்தான் 1070இல் சோழ நாட்டுக்கு ராஜாவான முதலாம் குலோத்துங்கன், கடல்புறாவில் தொண்டைமானின் உயிர்த்தோழனாக வருகிற அநபாயன். சிவகாமி எரிக்கச் சொன்ன வீட்டின் பேரன் வழியில் வந்தவனுக்காகத்தான் மூன்றாவது புத்தகத்தில் எல்லோரும் கத்தி எடுக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு கடல்புறாவை நான் ஒரு படி மேலே வைத்தேன். எழுத்துக்காக இல்லை. கல்கியின் சபதத்தில் வடக்கிலிருந்து வருகிறவன் எதிரி, பொன்னியின் செல்வனில் வடக்கு ராஷ்டிரகூடர் பயமாக எல்லையில் நிற்கிறது. கடல்புறாவில்தான் வேங்கிக்காரன் நம்ம ஆள். இரண்டு பாஷைக்கு நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. "அப்படின்னா அதுதான் பெஸ்டா?" என்று அத்தை கேட்டார். இல்லை. ரேஷன் கார்டில் நம் பேர் இருக்கிறது என்பதற்காக ரேஷன் அரிசி பொன்னி அரிசி ஆகிவிடாது.

புதிதாகத் தமிழ் படிக்கிறவர் கேட்டால் யோசிக்காமல் பொன்னியின் செல்வன் முதல் பாகம்தான் எடுத்துக் கொடுப்பேன். பேச்சு ஓட்டமான நடை, அத்தியாயமும் சின்னது, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொள் என்றால் சபதத்தை வைத்துக்கொள்வேன். கடல்புறாவை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, கேட்கிறவர்களுக்கு மறுப்பதும் இல்லை.

அண்ணன் மகள் விஷயத்தில் மட்டும் என் கணக்கு தப்பிவிட்டது. தெலுங்கு மீடியம், ஒன்பதாவது, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் முதல் பாகத்தை நீட்டினேன். "படம் பார்த்தாச்சு அத்தை" என்று தள்ளிவிட்டுச் சபதத்தை எடுத்துக்கொண்டாள். மாஸ்டர் திண்ணையில் உட்கார்ந்து அவள் உரக்கப் படிக்க அவர் கேட்கிறார். கரண்ட் போகிற நேரமாகப் பார்த்துத்தான் நடக்கிறது, தறி ஓடினால் ஒன்றும் காதில் விழாது. போன ஞாயிற்றுக்கிழமை மதம் பிடித்த யானை சிவகாமியின் பல்லக்கைத் துரத்துகிற இடம். பரஞ்சோதி வேலை ஓங்கினான். கரண்ட் வந்துவிட்டது.