ஃபிஷ்போர்ன் அரண்மனையா, பிக்னர் வில்லாவா? வெஸ்ட் சசெக்ஸில் ரோமானியத் தடம் தேடுவோருக்கு

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் வெஸ்ட் சசெக்ஸ் கவுண்டியில் ரோமானியர் காலத்து இடங்களைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போவது? சிசெஸ்டர் நகரை ஒட்டிய ஃபிஷ்போர்னுக்கா, சவுத் டவுன்ஸ் குன்றுகளின் வடக்கு அடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே கிடக்கும் ரோமானியப் பண்ணைவீடான (வில்லா) பிக்னருக்கா? இரண்டிலும் பார்க்கக் கிடைப்பது சிறு கற்களைப் பதித்துப் படம் வரைந்த மொசைக் தரைகள்தான், ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஃபிஷ்போர்ன், ரோம் இந்தத் தீவில் வந்து இறங்கிய கதை. பிக்னர், அந்த ரோம் உள்ளூர் மண்ணில் வேர்விட்டு வளர்ந்த கதை. ஃபிஷ்போர்னின் பழைய தரைகளுக்கும் பிக்னரின் புகழ்பெற்ற தரைகளுக்கும் நடுவே சுமார் 250 ஆண்டுகள் கிடக்கின்றன.

இரண்டும் வெளிப்பட்ட விதத்திலேயே வேறுபாடு தொடங்குகிறது. 1811 ஜூலையில் ஜார்ஜ் டப்பர் என்ற விவசாயி பிக்னரில் தன் நிலத்தை உழுதுகொண்டிருந்தபோது கலப்பை ஒரு பெரிய கல்லில் மோதியது. அது ஒரு விருந்து அறையின் நடுவே இருந்த நீர்த்தொட்டியின் விளிம்பு. அக்கம்பக்கத்து நிலக்கிழார் ஜான் ஹாக்கின்ஸும், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற பழம்பொருள் ஆய்வாளர் சாமுவேல் லைசன்ஸும் வந்து சேர்ந்தார்கள். அறை அறையாகத் தரைகள் வெளியே வந்தன. ஃபிஷ்போர்ன் வெளிப்பட்டது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து. 1960இல் குடிநீர்க் குழாய் பதிக்க இயந்திரம் பள்ளம் தோண்டியபோது பழைய கட்டட இடிபாடு தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு அகழாய்வு தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்ற பாரி கன்லிஃபுக்கு இருபதுகளின் தொடக்க வயதுதான்.

இந்த ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி சாதாரணமானதல்ல. ஃபிஷ்போர்னுக்கு ஆதரவாக நான் வைக்கும் வலுவான வாதமே இதுதான். லைசன்ஸ் காலத்தில் அகழாய்வு என்றால் சுவரைப் பின்தொடர்ந்து போய்த் தரையைச் சுத்தம் செய்வது. அவர் வரைந்து வெளியிட்ட படங்கள் அருமையானவை. ஆனால் தரைக்கு மேலிருந்த மண் அடுக்குகள் சொல்லக்கூடிய காலக்கணக்கு அந்த வேலையிலேயே போய்விட்டது. பிக்னரில் எந்த அறை எப்போது எழுந்தது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் மிச்சமிருந்த இடங்களில் தோண்டித்தான் கணிக்க வேண்டியிருந்தது. ஃபிஷ்போர்னில் மண்ணின் நிறம்கூடச் சாட்சியாயிற்று. வளமில்லாத தரையில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, அதில் நல்ல மண்ணை நிரப்பிச் செடி வைத்திருக்கிறார்கள் ரோமானியத் தோட்டக்காரர்கள். அந்தப் பள்ளங்கள் நிற வேறுபாட்டால் தெரிந்தன. அவற்றின் வழியே நடைபாதைகளும் அவற்றின் ஓரத்து வேலிகளும் பிடிபட்டன. இன்று அதே கோடுகளில் பாக்ஸ் எனும் புதர்ச்செடிகளை நட்டு வேலியாக வளர்த்திருக்கிறார்கள். பத்தொன்பது நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு தோட்டத்தின் வளைவு நெளிவுகளின் ஓரமாக நடக்க முடிகிறது. பிக்னரில் அப்படியொரு தோட்டம் இருந்திருந்தாலும் 1811இல் அதைக் கண்டுபிடிக்கும் கண் யாருக்கும் இருந்திருக்காது.

அளவிலும் ஃபிஷ்போர்ன்தான் மேலே. கி.பி. 43இல் ரோமானியப் படை பிரிட்டனுக்குள் நுழைந்த காலத்தை ஒட்டி இங்கே தானியக் கிடங்குகள் எழுந்தன. கடலின் கிளை அப்போது இந்த இடத்துக்கு அருகே வரை வந்திருந்ததால் கப்பலில் வந்த சரக்கை இறக்க வசதி. பிறகு கல் கட்டடம் ஒன்று. கி.பி. 75 வாக்கில் அதையும் உள்ளடக்கி, நான்கு பக்கமும் கட்டடம், நடுவே தோட்டம் என்று ஒரு பெரும் அரண்மனை. ஒரு பக்கம் சுமார் 500 அடி. இதே காலத்தில் பிரிட்டனில் பெரும்பாலோர் மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய வட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அளவு உறைக்கும்.

யாருடைய அரண்மனை? பரவலான பதில், டோகிடுப்னஸ் என்ற உள்ளூர் மன்னர். ரோமுக்கு அடங்கி, ரோமின் தயவில் ஆட்சி செய்தவர். கடைசிவரை விசுவாசமாக இருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். 1723இல் சிசெஸ்டரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, ரோமானியத் தெய்வங்களான நெப்டியூனுக்கும் மினெர்வாவுக்கும் அவருடைய ஒப்புதலோடு கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. அந்தக் கல் இன்றும் சிசெஸ்டர் நார்த் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடச் சுவரில் பதிந்திருக்கிறது. காசில்லாமல் பார்க்கலாம், தவறவிடாதீர்கள். ஆனால் அரண்மனைக்குள் அவர் பெயர் பொறித்த எதுவும் கிடைக்கவில்லை. ரோமானிய ஆளுநர் ஒருவருக்குக் கட்டியது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். 1995இல் அரண்மனைக்கு அருகே ஒரு தங்க முத்திரை மோதிரம் கிடைத்தது. அதிலிருந்த பெயர் டைபீரியஸ் கிளாடியஸ் கட்டுவாரஸ். முதல் இரண்டு பெயர்களும் பேரரசர் வழி வந்த குடியுரிமையின் அடையாளம், மூன்றாவது உள்ளூர்ப் பெயர். மன்னர் யாராக இருந்தாலும், ரோமானியப் பெயர் தரித்த உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சின்ன மோதிரம் போதும்.

ஃபிஷ்போர்ன் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது மோதிரமும் அல்ல, ஒரு முயல் எலும்பு. நாலு சென்டிமீட்டர் துண்டு. 1964இல் தோண்டி எடுத்துப் பெட்டியில் போட்டார்கள். 2017 வரை அது என்னவென்று யாரும் கவனிக்கவில்லை. காலக்கணிப்பு செய்ததில் முதலாம் நூற்றாண்டு என்று வந்தது. வளை தோண்டி வாழும் இந்த முயலினம் பிரிட்டனுக்கு மனிதர்களால் கொண்டுவரப்பட்டது. அதுவரை நம்பப்பட்டதைவிடப் பல நூற்றாண்டு முன்னதாகவே அது இங்கே வந்துவிட்டதென்று அந்த எலும்பு காட்டியது. வெட்டுக் காயம் இல்லாததால் செல்லப்பிராணியாக வளர்ந்திருக்கலாம் என்கிறார்கள். ஒழுங்காகத் தோண்டி, ஒழுங்காகப் பாதுகாத்து வைத்தால்தான் இப்படி அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு பெட்டி பேசும்.

சரி, மொசைக்குக்கு வருவோம். ஃபிஷ்போர்னின் பழைய தரைகள் கறுப்பு வெள்ளையில் கட்டமும் கோணமுமாக இருக்கும். அன்றைய இத்தாலிய ரசனை அது. கொண்டாடப்படுவதோ பிற்பாடு, இரண்டாம் நூற்றாண்டில் போட்ட வண்ணத்தரை: நடுவே டால்பின் மேல் ஏறிய காதல் தேவன் க்யூபிட், சுற்றிலும் கற்பனை விலங்குகளான கடற்குதிரைகளும் கடற்சிறுத்தைகளும். ஓரத்துக் கொடியில் ஒரு சிறு பறவை உட்கார்ந்திருக்கிறது. அது கைவினைஞர் விட்டுப்போன அடையாளம் என்று கருதுகிறார்கள். இந்தத் தரையைப் பராமரிப்புக்காகப் பெயர்த்தபோது அடியில் இன்னொரு மொசைக் இருந்தது தெரியவந்தது.

இங்கேதான் பிக்னர் முந்துகிறது. படத்தின் உயிர் என்று பார்த்தால் ஃபிஷ்போர்னின் க்யூபிட், பிக்னரில் இருக்கும் காதல் தெய்வம் வீனஸின் அருகில் நிற்க முடியாது. இது நாலாம் நூற்றாண்டு வேலை. தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு வீனஸின் முகம், இருபுறமும் நீள்வால் பறவைகள். அதன் கீழே ஒரு நீண்ட பட்டையில் சிறகு முளைத்த குழந்தைகள் கிளாடியேட்டர் வேடத்தில் மோதுகின்றன: ஒருவன் வலையும் சூலமுமாக, இன்னொருவன் கேடயமும் வாளுமாக. கோலோடு நிற்கும் பயிற்சியாளர்கள்கூட உண்டு. வேறொரு அறையில், கிரேக்கப் புராணத்து இளைஞன் கனிமீடைத் தூக்கிச் செல்லும் கழுகு. அதே அறையில்தான் டப்பரின் கலப்பை மோதிய தொட்டி. நடைக்கூடத்துத் தரை சுமார் 24 மீட்டர் நீளத்துக்குக் காணக் கிடைக்கிறது. ஒரு டால்பினோடு சேர்த்து 'டெர்' என்று மூன்றெழுத்து வருகிறது. டெரென்டியஸ் என்ற கைவினைஞரின் கையொப்பமாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஃபிஷ்போர்ன்காரர் பறவையை விட்டுப்போனார், பிக்னர்காரர் பெயரையே விட்டுப்போனார்.

வீனஸ் தரையில் ஒரு பகுதி இடிந்து உள்ளே விழுந்திருக்கிறது. அது இழப்புத்தான். ஆனால் அந்த ஓட்டை வழியாக, தரைக்கு அடியில் சூடான காற்று ஓடிய அமைப்பு கண்ணெதிரே தெரிகிறது. குட்டையான தூண்கள், அவற்றின் மேல் தரை, வெளியே அடுப்பு, இடையில் வெப்பம். குளிர்நாட்டில் வீனஸின் கீழே கால் சுட்டுக்கொண்டு உட்கார்ந்த குடும்பத்தை உணர வேறு விளக்கப்பலகை தேவையில்லை.

அந்தக் குடும்பம் யார் என்பதுதான் என்னைப் பிக்னர் பக்கம் சாய்க்கிறது. இங்கே மன்னர் இல்லை, பேரரசின் பரிசு இல்லை. தொடக்கத்தில் மரக்கட்டடம் கொண்ட ஒரு பண்ணை. மூன்றாம் நூற்றாண்டில் நாலைந்து அறை கொண்ட கல்வீடு. பிறகு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று நீண்டு, நாலாம் நூற்றாண்டில் முற்றத்தைச் சுற்றிச் சுமார் 65 அறைகள். லண்டனையும் சிசெஸ்டரையும் இணைத்த ஸ்டேன் ஸ்ட்ரீட் சாலை அருகிலேயே சென்றதால் விளைச்சலை விற்க வழியிருந்தது. விளைச்சலை விற்று, அறை சேர்த்து, பேரன் காலத்தில் ஓவியத் தரை போட்ட வீடு இது. ஃபிஷ்போர்ன் அரண்மனையோ கி.பி. 270 வாக்கில் தீயில் போயிற்று. கூரையின் ஈயம் உருகித் தரையில் வடிந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை, கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பிக்னரின் நல்ல காலமே அதற்குப் பிறகுதான்.

பாதுகாப்பு முறையும் இரண்டு உலகம். ஃபிஷ்போர்னில் 1968இல் திறந்த பெரிய கூடம் வடக்குப் பகுதியை மூடி நிற்கிறது. உயர்த்திய நடைமேடையிலிருந்து தரைகளைப் பார்க்கிறோம். தெற்குப் பகுதி இன்றைய சாலைக்கும் வீடுகளுக்கும் அடியில். பிக்னரில் 1814இலேயே பொதுமக்களுக்குத் திறந்து, தரைகளின் மேல் கல்சுவரும் வைக்கோல் கூரையுமாகக் குடில்கள் எழுப்பினார்கள். 1815இல் ஒன்பது மாதங்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். நிலம் இன்றும் டப்பர் குடும்பத்திடமே. இரண்டு நூற்றாண்டாக ஒரு விவசாயக் குடும்பம் காத்துவரும் தரை என்ற எண்ணத்தோடு அந்தக் குடிலுக்குள் குனிந்து நுழையும்போது கிடைக்கும் நெருக்கத்தை எந்த நவீனக் கூடமும் தராது.

போக்குவரத்தில் போட்டியே இல்லை. ஃபிஷ்போர்னுக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிக்னருக்குக் கார் வேண்டும், குளிர்காலத்தில் மூடியிருக்கும். கார் இல்லாதவர்கள் ஃபிஷ்போர்னோடு சிசெஸ்டரில் நோவியம் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ரோமானியக் குளியல் இல்லத்தின் மேலேயே அதைக் கட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், ரோமானிய பிரிட்டன் பற்றி இப்போதுதான் படிக்கத் தொடங்குபவர்களுக்கும் ஃபிஷ்போர்ன்தான் சரி, வரிசையாகப் புரியும். ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவர், கையில் காரும் இருக்கிறது என்றால் என் ஓட்டு பிக்னருக்கு. மாலையில், கூட்டம் குறைந்த பிறகு போங்கள். நான்கு பருவங்களைக் காட்டிய தரையில் குளிர்காலத்தின் முகம் தப்பியிருக்கிறது: முக்காடு போட்டு, இலையுதிர்ந்த ஒரு குச்சியைத் தோளோரம் தாங்கியபடி. அதன் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள்.